பின்வாசலில் வெந்த குழாய் சேமியா

"ஜீப்ப ஏன்டா தோப்புப் பக்கம் ஒடிக்கிற? வூடு அந்தாண்ட இல்ல கீது?"

டிரைவர் சின்னதம்பி திரும்பிப் பார்க்கவில்லை. "அண்ணன் பின்பக்கமா கூட்டியாரச் சொன்னாருக்கா" என்றான்.

செல்லியம்மாள் மடியில் இருந்த தகரத் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விடிகாலையில் திருப்பத்தூரில் ஜீப் ஏறியபோது இருந்த சந்தோஷம் எந்த வளைவில் விழுந்து தொலைந்ததோ, புதூர்நாடு வந்து சேர்ந்தபோது மிச்சம் இருந்தது கோபம் மட்டும்தான்.

போன வாரம் அவளைச் சிரிக்கவும் அழவும் விட்டு நிறுத்தினோம். அண்ணன் சக்கரவர்த்தி ஆள் அனுப்பிக் கூப்பிட்டுவிட்டான் என்று அத்தனை பூரிப்பு. சும்மாவா? மூன்று வருஷமாக, 'என் வாசப்படிய மிதிக்கக் கூடாது' என்று சொல்லியிருந்த அண்ணன் அல்லவா!

அவள் செய்த குற்றம் என்ன தெரியுமா? புருஷன் வடிவேலு விறகுக்கட்டையால் முதுகைப் பிளந்தான். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கினாள். அவ்வளவுதான். ஊர்ப் பஞ்சாயத்து கூடியபோது அவள் அங்கே இல்லை. அவளுக்காக அண்ணன் பேசினான். என்ன பேசினானோ, அவளுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. 'என் தங்கச்சி திரும்பிப் போவா' என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான் என்பது மட்டும் தெரியும். அவள் போகவில்லை. அண்ணன் வாக்கு போயிற்று. பெண்பிள்ளை முதுகு என்ன ஆனால் என்ன, ஆம்பிளை வாக்குதான் பெரிசு!

கீழே ஒரு கான்வென்ட்டில் சமையல்கட்டு வேலை கிடைத்தது. இத்தாலியிலிருந்து வந்த லூசியா சிஸ்டரிடம் ரொட்டி சுடவும், அடுப்புக்குள் வைத்து வேகவிடும் குழாய் சேமியா செய்யவும் கற்றுக்கொண்டாள். மகள் ராணிக்கு இப்போது நாலு வயசு. இன்னும் காது குத்தவில்லை. கடைத்தெரு ஆசாரியிடம் கூட்டிப்போனால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்திய பிள்ளைக்கு மதிப்பு ஏது? 'அப்பன்தான் இல்ல, மாமனுமா இல்ல?' என்று நாளைக்கு எவளாவது அந்தக் குழந்தையைக் கேட்கமாட்டாளா? மடி கொடு என்று எத்தனையோ தரம் சொல்லி அனுப்பினாள். அண்ணனிடமிருந்து பதில் இல்லை.

அதனால்தான் ஜீப் வந்து நின்றதும் நம்பிவிட்டாள். விருந்துக்குச் சமைக்க வேண்டும், சிஸ்டர் செய்கிற அந்தச் சேமியாவுக்குச் சாமான் எல்லாம் எடுத்துக்கொள் என்று சின்னதம்பி சொன்னபோதுகூட, விருந்தே தனக்காகத்தானோ என்று நினைத்தாள். கூட வேலை செய்யும் வெள்ளையம்மாளிடம் ராணியை ஒப்படைத்துவிட்டு ஓடி வந்தாள். பாவி மனசு!

ஜீப் புளியந்தோப்புக்குள் நின்றது. வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு சக்கரவர்த்தி வந்தான். வெள்ளை வேட்டி, பெட்டி மடிப்புக் கலையாத சட்டை. காதோரம் நரைத்திருந்தது. தங்கச்சி முகத்தைப் பார்க்காமல் அவள் கைப்பையைப் பார்த்தான்.

"சாமான்லாம் வந்துச்சா?"

"நான் வந்துக்கீறேன். அத்த மொதல்ல கேளு."

"கோச்சுக்காத செல்லி. மத்தியானம் கிணறு போடுற இத்தாலிக்காரரு சாப்புட வர்றாரு. ஊர்க்கவுண்டரும் வர்றாரு. அந்த மனுசன் கறி, மீனு, முட்ட எதையும் தொடமாட்டாராம். நம்ம காரமும் ஒத்துக்கல. போன எடத்துல எல்லாம் வயித்தப் புடிச்சிக்கினு படுத்துட்டாராம். அவரு ஊரு சோத்த ஆக்கிப் போட்டம்னா மனசு குளுந்துடும். கிணறு நம்ம கொல்லையாண்ட வந்துடும்."

அந்த வருஷம் மலையில் மழை பொய்த்திருந்தது. சாமை காய்ந்து, பலா பிஞ்சிலேயே உதிர்ந்து, குடிதண்ணீருக்கே பெண்கள் பள்ளத்தில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். கிணறு வேண்டாம் என்று யார் சொன்னது?

"சரி. ராணி காது?" என்று கேட்டாள் செல்லியம்மாள்.

"மொதல்ல அடுப்பப் பத்த வையி. அப்பால பேசலாம்."

"முன்வாசல் வழியா உள்ள வரட்டுமா?"

சக்கரவர்த்தி நாலா பக்கமும் பார்த்தான். "ஊரு பாக்கும் செல்லி. இங்கியே கல்லு கூட்டி ஆக்கிடு. அவங்க வர்றதுக்குள்ள கெளம்பிடு. ஜீப்பு நிக்கும்."

செல்லியம்மாளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அழுகை இல்லை, ஆத்திரம்.

"ஏண்ணா, ஆக்குற கை மட்டும் வேணும், நடக்கிற காலு வேணாமா? கைய வெட்டிக் குடுத்துட்டுப் போகட்டா?"

அவன் காதில் விழாத மாதிரி படலைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். அறுத்த கைக்குச் சுண்ணாம்பு தராதவன்!

"எட்றா வண்டிய" என்று பையைத் தூக்கியவள், பின்வாசல் கதவு முனகுகிற சத்தம் கேட்டு நின்றாள். அம்மா சாந்தம்மாள். கையில் தண்ணீர்க் குடம். மகனுக்கு எதிராக மூன்று வருஷமாக ஒரு வார்த்தை பேசாத அம்மா. அவள்மேலும் செல்லியம்மாளுக்குக் கோபம்தான், இல்லை என்று பொய் சொல்லக் கூடாது.

சாந்தம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள். மகள் பின்னால் வந்து, ரவிக்கைக்குக் கீழே முதுகில் கை வைத்தாள். சரியாக அந்தத் தழும்பின்மேல்.

"ஆக்குடி. ஆக்கிட்டு இங்கியே குந்து. நான் சொல்ற வரைக்கும் மலை எறங்காத."

"எதுக்கு?"

"சொன்னதச் செய்யி."

அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்விட்டாள்.

செல்லியம்மாள் மூன்று கல்லைப் புரட்டிப் போட்டு அடுப்புக் கூட்டினாள். புளியங்கட்டையைப் பிளந்து வைத்தாள். கோடரி ஒவ்வொரு தரம் இறங்கும்போதும் யார் மண்டைமேல் இறங்கியது என்று நாம் கேட்க வேண்டாம்.

தக்காளியை வெந்நீரில் போட்டுத் தோலை உரித்துக் கையாலேயே பிசைந்தாள். வெங்காயம், பூண்டு வதங்கியதும் தக்காளியைக் கொட்டிச் சுண்டவிட்டாள். வேலியோரம் திருநீத்துப்பச்சிலை மண்டிக் கிடந்தது. இலையைக் கிள்ளி அதில் போட்டாள். இத்தாலியில் இதில்லாமல் சமையலே இல்லையாம். சிஸ்டர் மலைக்கு ஒரு தரம் வந்தபோது இந்தச் செடியைப் பார்த்துக் குழந்தை மாதிரி குதித்தார்.

கத்தரிக்காயை வட்டம் வட்டமாக அரிந்து எண்ணெயில் சிவக்க எடுத்துக்கொண்டிருந்தபோது அண்ணி பாஞ்சாலை வந்தாள். ஒத்தாசைக்கு வந்தவளா, வேவு பார்க்க வந்தவளா? இடுப்பில் கை வைத்து நின்ற தினுசே சொல்லியது.

"இன்னா இது குழா குழாவா? சேமியாவுக்கு வீக்கம் கண்ட மாதிரி கீது."

"மக்ரோனி."

"இது இன்னா மஞ்சக்கட்டி? மாட்டுக் கொழுப்பா? நாத்தம் கொடலப் புடுங்குது!"

"பாலு அண்ணி. ஒறஞ்சு போன பாலு. சீஸுன்னுவாங்க."

"ஊசிப்போன பாலுன்னு சொல்லு."

செல்லியம்மாள் கொதிக்கிற உப்புத் தண்ணீரில் மக்ரோனியைப் போட்டாள். அரைவேக்காடு ஆனதும் சட்டியைச் சாய்த்து வடித்தாள். பாஞ்சாலை பதறிப்போய் ஒரு சொம்பைக் கீழே ஏந்தினாள். கஞ்சியை மண்ணில் ஊற்றிப் பழக்கம் உண்டா மலையில்!

"வேகவே இல்லியேடி. பல்லுல ஒட்டுது."

"மிச்சம் உள்ள வேகும்."

வெண்ணெயை உருக்கி, மைதா மாவைப் போட்டுப் பச்சை வாசம் போகப் பிரட்டி, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டி விழாமல் கிளறினாள். துளி ஜாதிக்காயைத் தேய்த்துப் போட்டாள். வெள்ளையாய்க் கூழ் மாதிரி திரண்டு வந்தது. தட்டில் மக்ரோனி ஒரு அடுக்கு, தக்காளிக் குழம்பு, கத்தரிக்காய், வெள்ளைக் கூழ், துருவிய சீஸ், மறுபடி மக்ரோனி என்று அடுக்கிக்கொண்டே வந்தாள். கை வேலை செய்தது. மனசு மட்டும் 'ஊரு பாக்கும், ஊரு பாக்கும்' என்ற அந்த வார்த்தையையே மென்றுகொண்டிருந்தது.

பக்கத்தில் ஒரு கை நீண்டது. கை நிறைய மிளகாய்த்தூள்.

செல்லியம்மாள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "கைய எடு அண்ணி."

"ஒரப்பு இல்லாத சோறு சோறா? சீக்காளிக்கு வெக்கிற மாதிரி கீது. என் வூட்டு அடுப்புல ஆக்குற சோத்துக்கு..."

"உன் வூட்டு அடுப்பு உள்ள கீது. இது மூணு கல்லு. நான் பொரட்டிப் போட்டது."

"அம்மாடி! வாயி மட்டும் ஒரு வெரல்கட கொறையல. இந்த வாயிக்குத்தான் வடிவேலு கட்டைய எடுத்தான்!"

செல்லியம்மாள் கரண்டியை ஓங்கிவிட்டாள். சுடச்சுடப் பால் சொட்டுகிற கரண்டி. பாஞ்சாலை அலறிக்கொண்டு பின்வாங்கினாள். மிளகாய்த்தூள் மொத்தமும் நெருப்பில் கொட்டியது. அப்புறம் கேட்க வேண்டுமா? நெடி கிளம்பி இரண்டு பேரையும் புரட்டி எடுத்தது. வீட்டுக்குள் சாந்தம்மாள் இருமினாள். முன்வாசலில் பாய் விரித்துக்கொண்டிருந்த சக்கரவர்த்தி இருமினான். தோப்பில் ஜீப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்த சின்னதம்பி எழுந்து உட்கார்ந்து இருமினான்.

கண்ணில் நீர் வழியச் செல்லியம்மாள் சொன்னாள்: "இன்னொரு தபா அந்தக் கட்டையப் பத்திப் பேசுனீன்னா, இந்த அடுப்புக் கட்டையே பேசும்."

பாஞ்சாலை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

பெரிய குண்டானின் அடியில் மணல் பரப்பி, மேலே ஒரு தட்டைக் கல் வைத்து, தகரத் தட்டை அதன்மேல் இறக்கினாள். இரும்புத் தகட்டால் மூடி, தகட்டின்மேலும் புளியங்கட்டைக் கங்கை அள்ளிப் போட்டாள். மேலேயும் நெருப்பு, கீழேயும் நெருப்பு. உட்கார்ந்து காத்திருந்தாள்.

காத்திருக்கும்போதுதான் பழைய நினைப்பெல்லாம் வரும். இந்த வீட்டில் ஒரு முறை உண்டு. புதுச் சாமை அறுத்துப் பொங்கினாலும் சரி, புதுத் தினை இடித்தாலும் சரி, முதல் கவளம் இந்த வீட்டில் பிறந்த பெண்ணின் வாயில் விழ வேண்டும். அவள் தின்றுவிட்டு 'போதும்' என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கை நனைக்கலாம். சின்ன வயசில் அவள் வேண்டுமென்றே மெதுவாய் மெல்லுவாள். பக்கத்தில் அண்ணன் எச்சில் விழுங்கிக்கொண்டு, 'ஜல்தி முழுங்குடி, பசி உயிரு போவுது' என்று கெஞ்சுவான். அப்பேர்ப்பட்ட அண்ணன், அவளைத் துரத்திய பிறகு சித்தப்பன் மகளை உட்கார வைத்து முறையை முடித்துக்கொண்டானாம். 'பொறந்தவ மலையில இல்ல' என்று சாக்கு. அதைக் கேள்விப்பட்ட அன்று அவள் கான்வென்ட் பாத்திரங்களைப் போட்டு உடைத்தது அடுப்படிக்கே தெரியும்.

தகட்டைத் தூக்கினாள். வாசனை குப்பென்று வந்தது. மேலே சீஸ் உருகி, அங்கங்கே பழுப்பேறி, ஓரத்தில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கோபத்தில் சமைத்தாலும் கைமணம் போகுமா?

வெள்ளை வேன் ஒன்று முன்பக்கம் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சக்கரவர்த்தி ஓடி வந்தான். துண்டைச் சுற்றித் தட்டைத் தூக்கினான்.

"வந்துட்டாங்க. நீ கெளம்பு."

"ராணி காது பத்தி இன்னும் பேசலியே?"

"சொல்லி அனுப்புறேன். போ, போ!"

தட்டு உள்ளே போயிற்று. செல்லியம்மாள் போகவில்லை. அம்மா சொன்னபடி அடுப்புக் கல்லின் பக்கத்திலேயே குந்தினாள். அந்த வீடு ஒரே நீள வீடு. முன்வாசலும் பின்வாசலும் நேருக்கு நேர். சாத்தாத கதவு வழியே எல்லாம் தெரிந்தது.

இத்தாலிக்காரர் நெட்டையாய், வெயிலில் சிவந்துபோய், காலை மடக்கத் தெரியாமல் மடக்கி உட்கார்ந்திருந்தார். வேலூர்ப் பக்கம் ஒரு வருஷம் இருந்ததில் கொஞ்சம் தமிழ் வரும். எதிரே ஊர்க்கவுண்டர் கோபால்சாமி, மீசையை நீவிக்கொண்டு. பாஞ்சாலை தட்டுகளை வைத்தாள். சக்கரவர்த்தி கரண்டியால் வெட்டி எடுத்துப் பரிமாறினான். சீஸ் நூல் நூலாய் இழுபட்டது. இத்தாலிக்காரர் தன் ஊர் பாஷையில் ஏதோ கத்தினார். சந்தோஷம்தான்.

அப்போது சாந்தம்மாள் மூலையிலிருந்து கேட்டாள். ரொம்பச் சாதாரணமாக, உப்பு இருக்கிறதா என்று கேட்கிற குரலில்.

"புதுச் சோறாச்சே. பொறந்தவ தின்னாளாப்பா?"

சக்கரவர்த்தியின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

கவுண்டர் கையை மடக்கிக்கொண்டார். "அதானே?"

"மாமா, இது சீமைச் சோறு. சாமையா, தெனையா? இதுக்கு ஏது மொறை?"

"இந்த வூட்டுல இதுக்கு முன்ன ஆக்கிக்கீறியா?"

"இல்ல."

"அப்ப புதுசுதானே? கிணறு தோண்டுற வேலைடா. மொறை தப்பித் தண்ணி வராமப் போச்சுன்னா ஊரு உன்ன வுட்டுட்டு என்னக் கேக்கும். உன் சித்தப்பன் பொண்ணக் கூப்புடு."

"அவ எதுக்குங்க?" என்றாள் சாந்தம்மாள். "பொறந்தவ மலையில இல்லன்னா சித்தப்பன் பொண்ணு. பொறந்தவளேதான் பின்னாடி குந்திக்கினு கீறாளே. ஆக்கினதே அவதான்."

சக்கரவர்த்தி அம்மாவைப் பார்த்த பார்வையில் அவள் எரிந்து போயிருக்க வேண்டும். அவள் பாட்டுக்கு வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"அவ தின்னாம என் கை நனையாது" என்றார் கவுண்டர்.

சக்கரவர்த்தி ஒரு தட்டோடு பின்வாசலுக்கு வந்தான். நெற்றி நரம்பு புடைத்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான்.

"இந்தா. ஒரு வாயி போட்டுக்கினு 'போதும்'னு சொல்லு."

"இங்கியா? பின்வாசல்லயா? நாயிக்கு வெக்கிற மாதிரியா?"

"செல்லி, மானத்த வாங்காத."

"என் மானத்த வேலிக்கு வெளிய எறக்கி வுட்டது யாரு? பொறந்தவ எங்க குந்தித் தின்னணும்? நீயே சொல்லு."

"...நடுவூட்டுல."

"அப்ப நடுவூட்டுலதான் தின்னுவேன்."

"சரி, வந்து தொலை!" என்று வழிவிட்டான்.

செல்லியம்மாள் அந்த வழியாக நுழையவில்லை. சேலையை உதறிச் செருகிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தாள். தெருவில் வேனைப் பார்க்கக் கூடியிருந்த கூட்டம் வழிவிட்டது. நல்லா பாருங்கள் என்கிற மாதிரி தலை நிமிர்த்தி, முன்வாசல் படியில் வலது காலை வைத்து ஏறினாள். மூன்று வருஷம்!

சாந்தம்மாள் மணையை எடுத்து நடுவில் போட்டாள். செல்லியம்மாள் உட்கார்ந்தாள். தட்டை முன்னால் வைத்தார்கள். அவள் கை தட்டுக்குப் போகவில்லை.

"இன்னாத்துக்குக் காக்குற? தின்னு" என்றான் அண்ணன்.

"ராணிக்குக் காது குத்தணும். மடி குடுக்கிறியா, இல்லியா?"

"அத்த அப்பால..."

"அப்பாலன்னு சொல்லிச் சொல்லியே மூணு வருசம் ஓடிடுச்சு. இப்ப சொல்லு. கவுண்டரு மாமா முன்னால சொல்லு."

இத்தாலிக்காரருக்கு என்ன நடக்கிறதென்று புரியவில்லை. பசி வேறு. மெல்ல ஸ்பூனை எடுத்து ஒரு வாய் அள்ளினார்.

"ஆஸ்பெத்தா!" என்றாள் செல்லியம்மாள்.

அடுப்பைத் திறக்க அவசரப்படும்போதெல்லாம் லூசியா சிஸ்டர் அவளை அதட்டுகிற வார்த்தை அது. 'பொறு' என்று அர்த்தம். அந்த மனுஷர் அதிர்ந்துபோய் அவளைப் பார்த்தார். தன் ஊர்க்காரரான கான்வென்ட் சிஸ்டரை அவருக்குத் தெரியும் போல, வாய்விட்டுச் சிரித்தார்.

"சிஸ்டர் லூசியா?"

"அவங்ககிட்டதான் கத்துக்கினேன். இத்த ஆக்கினது நானு. நான் தின்னாத்தான் நீங்க தின்னணும். இது எங்க மொறை."

"நீங்க சமையல். நீங்க முதல்" என்றார் அவர். ஸ்பூனைத் தட்டில் வைத்தார். தட்டையே ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். "சரி. நான் பொறு."

போயிற்று. சக்கரவர்த்தி எந்தச் சோற்றைக் காட்டி அவர் மனசைக் குளிர வைக்க நினைத்தானோ அந்தச் சோறு கண்ணெதிரே ஆறிக்கொண்டிருந்தது. உருகி நின்ற சீஸ் மேலே ஆடை கட்டியது.

"ஏன்டா, மடிதானே கேக்கிறா, மலையவா கேக்கிறா?" என்று கவுண்டர் சத்தம் போட்டார். "பசி வேளைடா!"

சக்கரவர்த்தி தங்கச்சியைப் பார்த்தான். அன்றைக்கு முதல் தரமாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான். கரண்டியைக் கீழே வைத்தான். அவள் எதிரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொடையில் ஓங்கித் தட்டினான்.

"கூட்டியா அவள. இந்த மடியிலதான் குத்தணும். வர்ற வெள்ளிக்கெழம. போதுமா?"

செல்லியம்மாளுக்குக் கோபத்தில் வராத அழுகை இப்போது வந்துவிடும் போல இருந்தது. தட்டில் கை வைத்தாள். ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள். தக்காளிப் புளிப்பு, பச்சிலை மணம், கொஞ்சம் கங்கு வாசம். நன்றாகத்தான் வந்திருந்தது. மெதுவாக மென்றாள். வேண்டுமென்றே.

"ஜல்தி முழுங்குடி" என்றான் அண்ணன், வாய்க்குள்.

அவனுக்கும் ஞாபகம் இருக்கிறதே! அவள் உதட்டில் சிரிப்பு வரப் பார்த்தது. விழுங்கினாள்.

"போதும்."

எல்லாருடைய கையும் ஒரே நேரத்தில் தட்டுக்குப் போனது. இத்தாலிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தின்றார். கவுண்டர் முதல் வாய்க்கு முகத்தைச் சுளித்து, இரண்டாவது வாய்க்கு யோசித்து, மூன்றாவது தரம் தட்டை நீட்டினார். பாஞ்சாலைகூட ஓரத்தில் ஒட்டியிருந்த முறுகலை யாருக்கும் தெரியாமல் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டாள்.

சக்கரவர்த்தி தன் கையாலேயே தங்கச்சிக்கு இன்னொரு கரண்டி வைத்தான். குனிந்து வைக்கிற சாக்கில் காதோரம் பேசினான்.

"வெள்ளிக்கெழம வடிவேலும் வர்றான். முந்தாநாளே சொல்லி வுட்டுட்டேன். காது குத்தி முடிச்சதும் புள்ளையோட அவன்கூடக் கெளம்பிடு. எனக்கும் பஞ்சாயத்துல குடுத்த வாக்கு நிக்கணும் இல்ல?"

செல்லியம்மாளின் கை அப்படியே நின்றது.

முந்தாநாளே! அப்படியானால் மடி கொடுப்பது அப்போதே முடிவாகியிருக்கிறது. காது குத்து என்று சொல்லிக் குழந்தையோடு மலை ஏற்றி, வடிவேலு கையில் பிடித்துக் கொடுத்துவிடுவது. அவள் வாதாடி வாங்கினாள் என்று நினைத்த மடி, அவளுக்கு விரித்து வைத்த வலை. 'போதும்' என்று சொல்லியாயிற்று. வாயில் போட்டதை இனி துப்ப முடியுமா?

ஆத்திரத்தோடு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ரகசியமாகச் சொன்னதற்கு ரகசியமாகப் பதில் சொல்ல அவள் என்ன பின்வாசலிலா நிற்கிறாள்? நடுவீட்டில் நிற்கிறாள்.

"வரட்டும்ணா" என்றாள், தெருவில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "வெள்ளிக்கெழம வடிவேலு தாராளமா வரட்டும். வர்றப்ப என் முதுகுல ஒடச்சானே, அந்த வெறவுக்கட்ட, அத்தயும் எடுத்தாரச் சொல்லு. அன்னிக்குப் பஞ்சாயத்துல என் முதுக யாரும் பாக்கல. இந்தத் தபா ஊரே பாக்கட்டும்."

பாஞ்சாலை கையிலிருந்த சொம்பு நழுவிக் கஞ்சி தரையெல்லாம் ஓடியது. சாந்தம்மாள் தலையை நிமிர்த்தவில்லை.

வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைக் கவுண்டர் தட்டிலேயே போட்டார். செல்லியம்மாளைப் பார்த்தார். பிறகு சக்கரவர்த்தியைப் பார்த்தார்.

"தங்கச்சிக்கு அங்க ஒரு கொறையும் இல்ல, திமிரு புடிச்சு ஓடிட்டான்னு தானேடா அன்னிக்குச் சாமி மேல சத்தியம் பண்ண?" என்றார். "எந்தக் கட்டைடா?"